பெண்கள் கூடைப்பந்தும் அதைப் பார்க்க வந்தவர்களும்

1896 ஏப்ரல் 4. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆயுதசாலை மண்டபம் ஒன்றில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவிகளும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவிகளும் கூடைப்பந்து ஆடினார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய முதல் ஆட்டம் அது. அணிக்கு ஒன்பது பேர். ஆட்ட முடிவில் ஸ்டான்ஃபோர்டுக்கு 2 புள்ளி, பெர்க்லிக்கு 1.

பார்க்க வந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களும் பெண்களே. ஆண்களுக்கு அனுமதி இல்லை. நடுவர்கள் பெண்கள், செய்தி எழுத நாளிதழ்கள் அனுப்பியதும் பெண் நிருபர்களைத்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க முயன்ற ஆண்களை உள்ளே காவல் நின்ற பெண்கள் விரட்டினார்கள். நடுவில் கூடை கழன்று, அதைச் சரிசெய்ய ஆண்களை உள்ளே விட வேண்டி வந்தபோது பெர்க்லி அணி அலறிக்கொண்டு மூலையில் ஒதுங்கியதாகச் சொல்வார்கள். ஒரே ஒரு புள்ளியில் கிடைத்த அந்த வெற்றிக்கு எழுந்த ஆரவாரம் முழுக்கப் பெண்குரல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1899இல், மாணவிகள் வெளி அணிகளோடு ஆடவே கூடாது என்று ஸ்டான்ஃபோர்டு நிர்வாகம் தடை போட்டது.

பெண்கள் கூடைப்பந்தின் கதையைப் புள்ளிப் பட்டியலை வைத்து மட்டும் எழுதிவிட முடியாது. ஆடத் தெரிந்த பெண்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்கள் ஆடுவதை யார் பார்க்கலாம், எங்கிருந்து பார்க்கலாம், பார்க்க யாராவது வருவார்களா என்ற கேள்விகள்தான் அந்த ஆட்டத்தை நூறாண்டுக்கும் மேலாக நெருக்கியும் வளர்த்தும் வந்திருக்கின்றன. மும்பையில், அதிலும் மாட்டுங்காவில், இந்தக் கேள்விகளுக்கு வேறு மாதிரியான விடை கிடைத்தது.

ஆட்டம் பிறந்ததே பார்வையாளர் மாடத்துக்கு அருகில்தான். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி, இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டிவிட்டார். முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. சில வாரங்களில், பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் உள்ளே கேட்ட கூச்சலுக்கு வந்து மாடத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு, நாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். அந்த நாட்களில் ஆட வந்த பெண்களில் மாட் ஷெர்மன் என்பவரை நெய்ஸ்மித் 1894இல் மணந்துகொண்டார்.

பார்வையாளராக நுழைந்து ஆட்டக்காரராக மாறிய பெண்களுக்கு ஒழுங்கான விதிகளை அமைத்தவர் ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன். லித்துவேனியாவில் பிறந்தவர். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்ததற்குள் போகக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று வகுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதியபோது கல்லூரியே திரண்டு வந்தது. அங்கும் ஆண்களுக்கு இடமில்லை. இரண்டாமாண்டுப் பெண்கள் 5-4 என்று வென்றார்கள்.

இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் கூடைப்பந்து வந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற 'பி.டி. மாஸ்டர்கள்' பல ஊர்ப் பள்ளிகளுக்கும் இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். 1934இல் தில்லியில் முதல் தேசியப் போட்டி ஆண்களுக்காக நடந்தது. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 1950இல் உருவானது. தமிழ்நாட்டில் ஆட்டம் பெருநகரத்தோடு நின்றுவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடை காலத்தில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ஊரே கூடும். கோயம்புத்தூரில் ஆண்களின் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையோடு பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பைப் போட்டியும் நடக்கிறது.

பம்பாயில் இந்த ஆட்டம் வேர்விட்டதற்கு முதல் காரணம் இட நெருக்கடி. கூடைப்பந்துக்கு வேண்டியது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம், பத்தடி உயரத்தில் இரண்டு வளையங்கள், ஒரு பந்து. கிரிக்கெட் மைதானத்துக்கு இடம் தேடி அலுத்துப்போகும் நகரத்தில், கட்டடங்களுக்கு நடுவே இதை நுழைத்துவிடலாம்.

அப்படி நுழைந்த முதல் பெரிய மையம் நாக்பாடா. கிளிஃபர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1927இல் அங்கே நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற சமூக மையத்தை நிறுவினார். மில் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடா, இந்திய அணிக்கு வீரர்களைத் தொடர்ந்து அனுப்பியது. 1970இல் அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முன்தஸிர் அங்கே வளர்ந்தவர். ஆனால் அந்த ஊரின் புகழ் பெரும்பாலும் ஆண்களின் புகழாகவே இருந்தது.

மாட்டுங்காவின் கதை வேறு. சான்ஃபிரான்சிஸ்கோவில் அந்த 2-1 ஆட்டம் நடந்த அதே 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நோய்க்கு நெரிசலே காரணம் என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. டிரஸ்ட் போட்ட தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் அகலமான சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் பள்ளி, கல்லூரி, ஜிம்கானாக்களுக்கும் இடம் விடப்பட்டது. ஃபைவ் கார்டன்ஸ் அந்தத் திட்டத்தின் பிள்ளை. ரயில்வேயிலும் வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வாடகைக்குக் குடியேறின. பிறகு கல்லூரிகள் வரிசையாக வந்தன: 1937இல் ருய்யாவும் கால்ஸாவும், 1941இல் போதார். வி.ஜே.டி.ஐ. ஏற்கெனவே இருந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி பக்கத்துச் சயானில் 1960இல் திறந்தது. பெண்களுக்கென்றே 1916இல் கார்வே தொடங்கிய எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்துக்கும் இங்கே கல்லூரி உண்டு.

திறந்த இடமும் கல்லூரிகளும், மகளைப் படிக்க அனுப்பும் நடுத்தரக் குடும்பங்களும் நடந்துபோகும் தூரத்துக்குள் சேர்ந்திருந்தன. கல்லூரிக்கிடையிலான ஆட்டத்துக்கு இவை போதும். கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலுள்ள இந்தியன் ஜிம்கானா 'ராமு நினைவு' அகில இந்தியப் போட்டியை நடத்தி வருகிறது. டான் பாஸ்கோ பள்ளி வளாகத்தில் சாவியோ கோப்பை நடக்கிறது. டான் பாஸ்கோ பாதிரியாரின் மாணவரும் புனிதருமான டொமினிக் சாவியோவின் பெயர் அதற்கு. இரண்டிலும் ஆண்கள், பெண்கள் இரு பிரிவும் உண்டு. இரண்டும் விளக்கொளியில் திறந்தவெளியில் ஆடப்படுபவை. ஸ்மித் கல்லூரி போல் கதவைச் சாத்த இங்கே வழியே இல்லை. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்கூட்டியே வந்தவர், டியூஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் எல்லாரும் கலந்துதான் நிற்பார்கள்.

இதே மாட்டுங்காவின் பெயர் ரயில் பாதையைத் தாண்டியும் போகிறது. தாராவியின் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றுதான் பெயர். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் தாராவியில், 28-க்கு 15 மீட்டர் என்பது வீடுகளும் பட்டறைகளும் கொண்ட ஒரு முழுச் சந்து. இட நெருக்கடி நாக்பாடாவில் கூடைப்பந்தை வளர்த்தது. அதைவிடக் கூடிய நெருக்கடி தாராவியில் அதற்கும் இடம் தரவில்லை. அங்கே பிறந்த பெண் பெரும்பாலும் கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் ஒழுங்கான ஆடுகளத்தில் கால் வைப்பாள்.

கல்லூரி ஆட்டத்தை ஒரு பெண்ணின் வீட்டார் ஏன் பார்க்க வர வேண்டும்? கோப்பை ஒரு காரணம். வேலை அதைவிடப் பெரிய காரணம். மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே இரண்டுக்கும் தலைமையகம் மும்பை. கல்லூரி அணியில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி, அதில் நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. இந்திய ரயில்வே பெண்கள் அணி தேசியப் போட்டிகளில் பல ஆண்டுகள் கோலோச்சியதன் பின்னால் இந்த ஏணி இருக்கிறது. பொண்ணு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க ஓடுவதா என்று முகம் சுளித்த பெரியவர்களை, மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் சமாதானப்படுத்தின. ஒரு புள்ளியில் முடியும் அரையிறுதி ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ போட நிற்கும் பெண்ணைப் பார்த்து அவள் அப்பா நகம் கடிப்பதற்கு, கல்லூரிப் பெருமையோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் காரணம்.

மும்பைப் பெண்கள் விளையாட்டில் கூடைப்பந்து வேறு சில கதவுகளையும் திறந்தது. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய டயானா எடுல்ஜி, கிரிக்கெட்டுக்கு வருவதற்கு முன் தேசிய ஜூனியர் அளவில் கூடைப்பந்தும் டேபிள் டென்னிஸும் ஆடியவர். மும்பை சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 1998இல் வெளியான 'குச் குச் ஹோதா ஹை' படத்தில் காஜோல் கல்லூரி ஆடுகளத்தில் ஷாருக் கானை வென்றதைப் பார்த்து ஒரு தலைமுறைப் பெண்கள் பந்தைத் தொட்டார்கள். அதே படத்தின் இரண்டாம் பாதியில் புடவை கட்டிய காஜோல் தோற்கிறார் என்பதையும் அவர்கள் கவனித்திருப்பார்கள்.

இந்தியப் பெண்கள் கூடைப்பந்து கண்ட மிகப் பரபரப்பான இறுதி ஆட்டங்களில் ஒன்று 2017 ஜூலையில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் நடந்தது. ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதி ஆட்டம், எதிரணி கஜகஸ்தான். இந்தியா 75, கஜகஸ்தான் 73. ஒரே ஒரு கூடை வித்தியாசம். கூடைப்பந்தில் இரண்டு புள்ளி முன்னிலைக்கு ஆயுள் சில நொடிகள்தான். ஒவ்வொரு ஃபவுலுக்கும் கடிகாரம் நிற்கும். கடைசி இரண்டு நிமிடம் பத்து நிமிடமாக நீளும். பதற்றத்தைத் தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்ளும் ரசிகர் விசில் சத்தத்துக்கு மறுபடி திறக்க வேண்டியிருக்கும். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் கிடைத்த அந்த வெற்றி, இந்தியாவை 'ஏ' பிரிவுக்கு ஏற்றியது.

அணித் தலைவி சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர், தெற்கு ரயில்வே ஊழியர், குழந்தை பெற்ற பின் திரும்பி வந்து அந்தக் கோப்பையை உயர்த்தினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பெங்களூரு ஆட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு புள்ளிப் பரபரப்பு மும்பைக்கே வந்தது. 2019 அக்டோபர் 4 அன்று வொர்லியின் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் அமெரிக்க என்.பி.ஏ. அணிகளான இண்டியானா பேசர்ஸும் சாக்ரமெண்டோ கிங்ஸும் ஆடிய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 132-131 என்று முடிந்தது. அரங்கை நிறைத்தவர்கள் நகரத்தின் 70 பள்ளிகளிலிருந்து வந்த சுமார் மூவாயிரம் சிறுவர் சிறுமியர். கிங்ஸ் அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். அவர் கூடைப்பந்துக்குள் வந்ததும் பெண்கள் ஆட்டத்தின் வழியாகத்தான்: கலிஃபோர்னியாவில் தன் மகள் அஞ்சலி ஆடிய 12 வயதுச் சிறுமிகள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். எதிரணியை ஆடுகளம் முழுக்க விடாமல் நெருக்கும் அந்த அணியின் உத்தியைப் பற்றி மால்கம் கிளாட்வெல் 2009இல் எழுதிய கட்டுரை உலகம் சுற்றியது.

ஜன்னலில் எட்டிப் பார்த்த ஆண்களை விரட்டிய அமெரிக்காவில், 2024 ஏப்ரலில் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய பெண்கள் கல்லூரி இறுதி ஆட்டத்தை 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அது அதிகம். இதற்கு அடிக்கல் 1972இன் சட்டம். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொன்னபின், கல்லூரிகள் பெண்கள் அணிக்கும் பணமும் அரங்கமும் நேரமும் ஒதுக்க வேண்டியதாயிற்று. கூட்டம் பிறகு வந்தது.

இங்கே நிலைமை வேறு. பெங்களூரு வெற்றிக்குப் பின் 2019இல் அதே அரங்கில் 'ஏ' பிரிவில் ஆடிய இந்தியப் பெண்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976இல். அன்றிலிருந்து இன்றுவரை இந்தியா ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. அதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. கடுமையான ஆட்டங்கள் குறைவு. அவற்றைக் கூட்டம் பார்க்க ஆடும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. கல்லூரிகள் பெண்கள் இறுதி ஆட்டத்தை வகுப்பு நடக்கும் பிற்பகலில் தள்ளாமல், எல்லாரும் வரக்கூடிய மாலையில் வைக்க வேண்டும். மாட்டுங்காவில் அடுத்த முறை போட்டிப் பலகை கட்டும்போது, செம்பூரிலோ தாராவியிலோ இருப்பவர்கள் பெண்கள் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.