மொரிஷியஸ் தீவில் நிலவுரிமையும் சுற்றுலா முதலீடும்

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் உள்ள மொரிஷியஸ் தீவின் பரப்பு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 12½ லட்சம். 1970இல் இத்தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் சுமார் 28 ஆயிரம் பேர். 2019இல் வந்தவர்கள் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். இந்த வளர்ச்சியை வெண்மணலுக்கும் நீலக் கடலுக்கும் உரியதாகவே முதலீட்டு விளம்பரங்கள் காட்டுகின்றன. ஆனால் கடலும் மணலும் அண்டைத் தீவுகளிலும் உண்டு. மொரிஷியஸில் முதலீட்டு வாய்ப்பு எங்கே உருவானது, யாருக்குக் கிடைத்தது என்பதைத் தீர்மானித்தவை நிலவுரிமையின் வரலாறும் அதன்மேல் எழுந்த சட்டங்களும்தாம். இதை உணராமல் அங்கு நிலத்தின் விலையையும் முதலீட்டின் இடரையும் மதிப்பிட முடியாது.

தீவின் கரையோர நிலம் தனியாருக்கு முழு உரிமையாவது அரிது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், தீவின் பாதுகாப்புக்காகக் கரையை ஒட்டிய ஐம்பது ‘பா’ (நடையடி) அகல நிலம் அரசுக்கென ஒதுக்கப்பட்டது. ‘பா ஜியோமெத்ரிக்’ என்று இன்றும் வழங்கும் இப்பட்டை, கடல் ஏற்றத்தின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 81.21 மீட்டருக்குக் குறையாத அகலம் கொண்டது. 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரித்தானியரும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. பீரங்கி மேடைகளுக்காகப் பிரிக்கப்பட்ட நிலம், விமானப் பயணம் வந்த பிறகு தீவிலேயே விலைமிக்க நிலமாகிவிட்டது. இதை விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். பெரிய கடற்கரை ஓட்டல்களும், உள்ளூரார் ‘கம்ப்மா’ என்று அழைக்கும் கடலோர ஓய்வு வீடுகளும் பெரும்பாலும் இத்தகைய அரசு நிலத்தில்தான் நிற்கின்றன. ஆகவே கடற்கரை ஓட்டலில் பணம் போடுபவர் வாங்குவது கட்டடத்தையும் எஞ்சியுள்ள குத்தகை ஆண்டுகளையுமே. நிலம் அவருக்குச் சேர்வதில்லை.

உள்நாட்டு நிலத்தின் கதை வேறு. 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த லட்சக்கணக்கான இந்தியர்களின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நிலமோ சில பிராங்கோ-மொரிஷியக் குடும்பங்களின் கையில் குவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை சரிந்தபோது, தோட்ட முதலாளிகள் வளம் குறைந்த ஓர நிலங்களைத் துண்டு போட்டு விற்றனர். ‘பெரும் துண்டாடல்’ எனப்படும் அந்நிகழ்வில் இந்தியக் குடியேறிகள் பலர் சிறு நிலவுடைமையாளர் ஆயினர். வளமான பெருந்தோட்டங்கள் மட்டும் கைமாறவில்லை. பிற்காலத்தில் சுற்றுலா இலாபம் பங்கிடப்பட்ட விதம் இந்த நிலப்பங்கீட்டைப் பெரிதும் ஒட்டியே அமைந்தது.

சுற்றுலாவின் முதல் மூலதனமும் கரும்பிலிருந்து வந்ததே. 1968இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு ஓராண்டு முன் தேசிய விமான நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. 1970களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறியது. 1975இன் லோமே உடன்படிக்கையோடு வந்த சர்க்கரை ஒப்பந்தம், ஆண்டுக்கு 5 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட அளவை உத்தரவாத விலைக்கு ஐரோப்பா வாங்க வழிசெய்தது. அந்த உபரிப் பணத்தின் ஒரு பகுதி ஆடைத் தொழிலுக்கும் ஒரு பகுதி ஓட்டல்களுக்கும் போயிற்று. வெளிநாட்டு மூலதனத்தை எதிர்பார்த்தே ஓட்டல் தொழிலைத் தொடங்கிய பல தீவுகளிலிருந்து மொரிஷியஸ் வேறுபடுவது இங்கேதான். வெளிநாட்டவர் நிலம் வாங்குவதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிரதமர் அலுவலக அனுமதிக்கு உட்படுத்தியது. கால் நூற்றாண்டுக்கு மேல் நிலச் சந்தை ஏறக்குறைய உள்நாட்டவருக்குரியதாகவே இருந்தது.

திருப்பம் 2002இல் வந்தது. ஐரோப்பியச் சலுகை விலை நீடிக்காது என்பது தெளிவாகி வந்த காலம் அது. பின்னர் அந்த விலை படிப்படியாக 36 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஒப்பந்தமே 2009இல் முடிவுக்கு வந்தது. கரும்பு நிலத்துக்கு மாற்றுப் பயன் தேவைப்பட்டபோது ‘ஒருங்கிணைந்த ஓய்வில்லத் திட்டம்’ பிறந்தது. அதன்படி, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் கோல்ஃப் மைதானம் போன்ற வசதிகளோடு வில்லாக்கள் கட்டி வெளிநாட்டவருக்கு முழு உரிமையோடு விற்க முடிந்தது. ஒரு வில்லாவின் விலை குறைந்தது 5 லட்சம் அமெரிக்க டாலராக இருக்க வேண்டியிருந்தது. வாங்கியவருக்கு வசிப்புரிமையும் கிடைத்தது. மேற்கே தமரின், தெற்கே பெல் ஓம்ப்ர், கிழக்கே போ ஷாம் ஆகிய கரும்பு நிலங்களில் முதல் குடியிருப்புகள் எழுந்தன.

இங்கே 10 ஹெக்டேர் என்ற எல்லையே கூர்ந்து நோக்கத்தக்கது. பெருந்தோட்ட நிறுவனங்களைத் தவிர ஏறக்குறைய யாரிடமும் அவ்வளவு தொடர் நிலம் இல்லை. கரும்பு நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது அதன் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. வில்லா வாடகையைக் காட்டிலும் உறுதியான இலாபம் அந்த மாற்றத்திலேயே இருந்தது. துண்டாடலில் நிலம் பெற்ற குடும்பங்களின் வாரிசுகளுக்கு அந்தக் கதவு மூடியே கிடந்தது. 2007இல் 10 ஹெக்டேருக்கு மிகாத நிலங்களுக்கென இன்னொரு திட்டம் வந்தபோதுதான் சிறு உடைமையாளர்கள் உள்ளே வர முடிந்தது. 2015இல் இரு திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. அவ்வாண்டே பெருநிலங்களில் புது நகரங்கள் அமைக்கும் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டமும் வந்தது. மோக்கா, போ பிளான் முதலிய இடங்களில் அதை முன்னெடுத்தவை பழைய சர்க்கரை நிறுவனங்களே. 2020இல் வசிப்புரிமைக்கான விலை வரம்பு 3 லட்சத்து 75 ஆயிரம் டாலராகக் குறைக்கப்பட்டது.

வாங்குபவர் பக்கம் பார்த்தால், பிரெஞ்சுக் குடிமைச் சட்ட மரபு அவருக்கு ஒரு காப்பைத் தருகிறது. கட்டி முடியாத வீட்டை வாங்கும்போது பணிகள் நிறைவேறும் கட்டங்களுக்கு ஏற்பவே பணம் செலுத்தப்படுகிறது. கட்டுநர் நொடித்தால் கட்டி முடிப்பதற்கான வங்கி உத்தரவாதம் உண்டு. விற்பனை நோட்டரி முன் பதிவாகிறது. ஓட்டல் அறையைத் தனித்தனியாக விற்கும் திட்டத்தில் நிலைமை வேறு: உரிமையாளர் ஆண்டில் 45 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது, மற்ற நாட்களில் அறை ஓட்டலின் கையில் இருக்கும், அவருக்கு வருமானத்தில் பங்கு வரும். அவர் பெயரில் பத்திரம் இருந்தாலும், பொருளாதார நோக்கில் அது வீடு அன்று, ஓட்டலின் வருமானத்தை நம்பிய முதலீட்டுப் பத்திரம் போன்றது. அந்த வருமானம் எவ்வளவு நிலையற்றது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய எல்லை 2021 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தது. 2021இல் வந்த பயணிகள் 2 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் வசிப்புரிமைக்காக வீடு வாங்கியவர்களை அந்த வீழ்ச்சி அதே அளவில் தொடவில்லை. மொரிஷியஸில் சுற்றுலா முதலீடும் குடியிருப்பு முதலீடும் ஒரே கடற்கரையைக் காட்டி விற்கப்பட்டாலும், இரண்டின் இடர்களும் ஒன்றல்ல.

கரை பொதுச்சொத்து என்ற மரபு மக்கள் வாழ்விலும் ஊறியது. வார இறுதியில் குடும்பம் குடும்பமாகச் சோற்றுச் சட்டியோடு சவுக்குத் தோப்பு நிழலில் கூடுவது தீவின் வழக்கம். பொதுக் கடற்கரையாக அறிவிக்கப்பட்ட பகுதிகளைப் பராமரிக்க 2002இல் தனி ஆணையம் அமைந்தது. அப்படிப்பட்ட பகுதிகள் அறிவிப்பிலிருந்து நீக்கப்பட்டு ஓட்டல்களுக்குக் குத்தகையாகும்போது எதிர்ப்பு எழுகிறது. அதை வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்குவது பிழை. நெருக்கமாக எழும் ஓட்டல் வரிசை, பக்கத்து ஓட்டலின் அறை வாடகையையே முதலில் குறைக்கிறது. அரசிடம் கரை இருப்பதால்தான் அந்த நெருக்கத்துக்கு ஓர் எல்லை போட முடிகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பவளத்திட்டு. தீவைப் பெரும்பாலும் சூழ்ந்துள்ள அத்திட்டு அலையின் வேகத்தை உடைத்து, கரைக்கும் திட்டுக்கும் இடையே அமைதியான காயலைத் தருகிறது. கட்டுமானத்துக்காக அந்தக் காயலிலேயே பல ஆண்டுகள் மணல் அள்ளப்பட்டது. 2001இல்தான் அது தடைசெய்யப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறின. பிளிக்-என்-பிளாக், மோன் ஷுவாசி போன்ற புகழ்பெற்ற கரைகளில் மணல் அரிப்பு வெளிப்படை. 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்குத் திட்டில் ஏறிய ‘வகாஷியோ’ சரக்குக் கப்பலிலிருந்து சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தபோது, கரும்புச் சோகையை அடைத்த மிதவைகளைத் தம் கையால் தைத்துக் கடலில் இறக்கியவர்கள் தீவின் பொதுமக்கள்.

அந்தக் கடலை எந்த விலைப்பத்திரமும் குறிப்பிடுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு வில்லாவின் விலையிலும் அது அடங்கியிருக்கிறது. எனவே நிலமாற்றத்தால் விளையும் இலாபத்தில் ஒரு பங்கைப் பவளத்திட்டுப் பாதுகாப்புக்கும் மணல் மீட்புக்கும் சட்டப்படி ஒதுக்குவது, முதலீட்டாளருக்கும் குடிமக்களுக்கும் ஒருங்கே நலம் பயக்கும் சீர்திருத்தம். கடற்கரைக் குத்தகைகளின் எஞ்சிய காலமும் ஆண்டு வாடகையும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அதுவரை, தீவில் பணம் போட விரும்புபவர் விளம்பரப் படத்தைப் பார்க்கும் முன் குத்தகைப் பத்திரத்தைப் படிக்க வேண்டும்.