மீதியின்றிப் பங்கிடும் எண்கள்



ஓசூர் ஆலைகளில் 24 மணி நேரம் மூன்று ஷிப்டுகளாகப் பிரிகிறது. ஒரு நிமிடமும் மிஞ்சுவதில்லை. 24-ஐ 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு எண்கள் மீதியின்றி வகுக்கின்றன. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவதை ‘உயர் பகு எண்’ எனலாம்.

1887-இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்து, 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கழகத்தின் பண நெருக்கடியால் அன்று அச்சேறாத பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

அவருடைய அட்டவணை 6746328388800 என்னும் எண்ணோடு முடிகிறது. அதாவது, 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள் உள்ளன. 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 ஆகியவற்றை இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒரு முறையும் பெருக்கினால் அது கிடைக்கும். இவ்வகை எண்ணில் சிறிய பகா எண்ணை விட்டுவிட்டுப் பெரியதைச் சேர்க்க வழியில்லை, வரிசை அறுபடாது.

எனினும் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் வரும் 293318625600 தான் அது. அதன் காரணிகள் 5,040. விதி பிழையற்றதாக இருந்தமையால், பின்னால் சரிபார்த்தவர்கள் விடுபட்டதைக் கண்டுகொண்டனர்.

மீதியின்றிப் பங்கிடும் எண்ணைத் தேடுவது நம் ஆலிம்களுக்கும் பழகிய கலையே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தார் எனக் கொள்வோம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் முறையே 3, 4 போக 17 மிஞ்சும். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் 17 பிரியாது. எனவே 72 பங்காக்குவர்: மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டினால் 72. பாகம் பிரிக்காமலே தலைமுறைகள் கடந்தால், இந்த எண் மிகப் பெரிதாக வளரும்.

ஆலைகள் பெருகிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மானாவாரி நிலமும் இன்று பெருவிலை பெறுகிறது. அத்தகைய நிலத்தை விற்கும்போது, “சீர் செய்து அனுப்பிவிட்டோமே” என்று சொல்லி மகளின் 17 பங்கை விட்டுவிடுவோமாயின், மீதமுள்ள 55 ஒருபோதும் 72 ஆகாது. பத்திரம் பதிவாகிவிட்டாலும் கணக்கு நேராவதில்லை. விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிக்கப் பிற்காலத்தார் வந்தனர். விடுபட்ட பங்கையோ, நாம் உயிரோடிருக்கும்போதே கண்டு கொடுத்துவிடுவது நலம்.

வல்ல அல்லாஹ் நம் கணக்கை இலேசாக்குவானாக.