நுவரெலியா: ஒளியா, வெளியா?

ஹட்டன் பஸ் நிலையத்தில் நடத்துநர் "நுவர, நுவர" என்று கூவினால் அது நுவரெலியா பஸ் அல்ல, கண்டி பஸ். கிளினிக்குக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளி ஒருவர் அதில் மாறி ஏறிவிட்டால், வைத்தியரையும் பார்க்க முடியாது, அன்றைய நாட்சம்பளமும் போய்விடும்.

சிங்கள 'நுவர'வும் நமது 'நகரம்' என்பதும் 'நகர' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. கண்டிக்குச் சிங்களப் பெயர் மகாநுவர. அதனால் பேச்சில் வெறும் 'நுவர' என்றால் கண்டிதான்.

'எலிய' என்பதற்கு ஒளி, திறந்தவெளி என இரு பொருள்கள் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் 'ஒளி நகரம்' என்று எழுதுகின்றன. ஆனால் மலைகள் சூழ்ந்த சமவெளிக்கு இரண்டாவது பொருளே கூடுதலாகப் பொருந்துகிறது. அருகிலுள்ள சீத்தா எலியவிலும் இதே சொல்தான். தமிழிலும் வெளியும் வெளிச்சமும் உறவுச் சொற்களே.

ஆங்கிலத்தில் இதை இரண்டு சொற்களாக எழுதி, 'நுரேலியா' என்று சுருக்கி உச்சரிப்பார்கள். 1819இல் இங்கு வந்த ஜோன் டேவி, 1821இல் வெளியான தன் நூலில் இந்தப் பெயரைக் குறித்திருக்கிறார். சாமுவேல் பேக்கர் குடியேறியது 1848இல். 'குட்டி இங்கிலாந்து' என்பது பிறகு ஒட்டிய பட்டம். ஊரின் பெயர் அதற்கு முந்தியது.