வாஷிங்டனின் பிரியாவிடை உரை

வாஷிங்டனின் பிரியாவிடை உரை என்பது ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், பதவியிலிருந்து விலகும் முடிவை அறிவித்து நாட்டு மக்களுக்கு எழுதிய கடிதம் ஆகும். இது 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நகரின் "கிளேபூல்ஸ் அமெரிக்கன் டெய்லி அட்வர்டைசர்" என்னும் நாளிதழில் வெளியானது. உரை என அழைக்கப்பட்டாலும், வாஷிங்டன் இதனை எந்த அவையிலும் பேசவில்லை.

பின்னணி

வாஷிங்டன் 1792 இலேயே ஓய்வு பெற எண்ணி, ஜேம்ஸ் மாடிசனைக் கொண்டு ஒரு வரைவை எழுதச் செய்தார். ஆனால் இரண்டாம் முறையும் பதவியேற்க நேர்ந்தமையால் அது வெளியிடப்படவில்லை. 1796 இல் முன்னாள் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் புதிய வரைவை எழுதினார். வாஷிங்டன் அதனைத் திருத்தித் தம் கையாலேயே இறுதிப்படியை எழுதினார்.

1793 இல் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. 1778 இல் பிரான்சுடன் செய்துகொண்ட கூட்டணி உடன்படிக்கை நடைமுறையில் இருந்தபோதிலும், வாஷிங்டன் 1793 ஏப்ரல் 22 அன்று நடுநிலை அறிவிப்பை வெளியிட்டார். பிரான்சை ஆதரிப்போர், பிரித்தானியாவை ஆதரிப்போர் என மக்கள் பிரிந்தனர். இப்பிளவே உரையின் கவலைகளுக்கு முதன்மையான காரணமாகும்.

விடுதலையும் அரசும்

விடுதலையும் வலுவான அரசும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல என்பது உரையின் அடிப்படைக் கருத்தாகும். மாநிலங்களின் ஒன்றியம் சிதைந்தால், ஒவ்வொரு பகுதியும் தன் பாதுகாப்புக்காகப் பெரும் படையை வைத்திருக்க நேரிடும். அளவுமீறிய படைகள் விடுதலைக்குக் கேடு விளைவிக்கும் என வாஷிங்டன் கருதினார். அரசியலமைப்பை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆனால் முறைப்படி மாற்றப்படும் வரை அது அனைவரையும் கட்டுப்படுத்தும். கட்சி மனப்பான்மை முற்றினால் மக்கள் தனியொருவரின் முழு அதிகாரத்தில் அடைக்கலம் தேடுவர் என்றும், அயல்நாடுகளின் தலையீட்டுக்கு அது வழிவிடும் என்றும் எச்சரித்தார்.

அமைதியிலும் போரிலும் கடமை

அமைதிக்காலத்தில் ஒரு நாடு செய்யவேண்டியவையாக உரை கூறுவன:

* எல்லா நாடுகளிடமும் நல்லெண்ணத்தோடும் நீதியோடும் நடத்தல்
* ஆபத்தைத் தடுக்க உரிய காலத்தில் செலவிட்டுத் தற்காப்புக்கு ஆயத்தமாதல்
* போரினால் ஏற்பட்ட கடனை அடுத்த தலைமுறையின்மேல் சுமத்தாது, வரி விதித்தேனும் அடைத்தல்

ஒரு நாட்டின்மீது தீராத வெறுப்போ தீராத பற்றோ கொண்ட நாடு, அவ்வுணர்ச்சிக்கு அடிமையாகிறது என்பது வாஷிங்டனின் கருத்து. ஆகவே நிலையான கூட்டணிகளைத் தவிர்க்குமாறு கூறினார். எனினும் ஏற்கனவே செய்த உடன்படிக்கைகளைக் காக்கவேண்டும் என்றும், நெருக்கடியில் தற்காலிகக் கூட்டணிகளை நம்பலாம் என்றும் குறிப்பிட்டார். இதனால் உலகத்திலிருந்து முற்றிலும் ஒதுங்கி வாழுமாறு அவர் கூறியதாகக் கொள்வது பொருந்தாது.

தாக்கம்

பிரான்சுடனான கூட்டணி 1800 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது. அதன்பின் 1949 இல் வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பில் இணையும் வரை, ஐரோப்பிய நாடுகளுடன் நிலையான படைக்கூட்டணி எதிலும் ஐக்கிய அமெரிக்கா சேரவில்லை.

உள்நாட்டுப் போரின்போது, வாஷிங்டனின் பிறந்தநாளான 1862 பெப்ரவரி 22 அன்று, இவ்வுரை நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அதே நாளில், பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், ரிச்மண்ட் நகரில் வாஷிங்டன் சிலையருகே பதவியேற்றார். ஒன்றியத்தைக் காக்க முயன்றோரும் அதைப் பிரிக்க முயன்றோரும் வாஷிங்டனையே தம் முன்னோடியாகக் கொண்டனர். 1896 முதல் செனட் சபையில் ஆண்டுதோறும் இது வாசிக்கப்படுகிறது.

விமர்சனம்

விடுதலையைப் போற்றும் இவ்வுரை, அந்நாட்டில் நிலவிய அடிமை முறையைப் பற்றி எதுவும் கூறவில்லை. இது வெளியாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1796 மே 21 அன்று, வாஷிங்டன் குடும்பத்தின் அடிமையாக இருந்த ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் பிலடெல்பியா மாளிகையிலிருந்து தப்பிச் சென்றார். அவரைத் திரும்பப் பிடிக்க வாஷிங்டன் முயன்றும் பலனில்லை. தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்குமாறு வாஷிங்டன் 1799 இல் விருப்பாவணம் எழுதினார். ஆனால் ஓனா, வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதற்கணவர் சொத்தைச் சேர்ந்தவராகக் கருதப்பட்டமையால் அதில் அடங்கவில்லை. 1848 இல் இறக்கும் வரை அவர் சட்டப்படி விடுவிக்கப்படவில்லை.