நஞ்சை மருந்தாக்கிய இரு வழிகள்

ஈயாதான் செல்வத்துக்கு எட்டிக்கனியை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. கண்ணுக்கினியதாய்ப் பழுத்தும் ஒருவர்க்கும் உதவாதது என்பது கருத்து. நம் நாட்டுப் பரிகாரிமாருக்கு இவ்வுவமை முற்றும் உடன்பாடாயிராது. எட்டி எனவும் காஞ்சிரை எனவும் பெயர் பெறும் அம்மரத்தின் விதையைச் சுத்திசெய்து வாதநோய்க்கு வழங்கியவர் அவர். அம்மரத்துக்கு உடன்பிறப்பென்று சொல்லத்தக்கது தேற்றா. அதன் கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல்நீரைத் தெளியவைத்தல் பழைய வழக்கம். ஓரினத்து மரங்களுள் ஒன்று உயிர் கவர்வதையும், ஒன்று குடிநீர் திருத்துவதையும், கவர்வதே பின்னர் நோய் தீர்ப்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஏன் என்பதற்கு விடை மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது.

செருமனிய மருந்தாளரான சேற்றுனர் அபினியிலிருந்து மோபீனைப் பிரித்த செய்தி 1805இல் வெளியாயிற்று. 1818இல் பாரிசு நகரத்தவரான பெல்லற்றியே, கவந்தூ என்னும் இருவர் இசுத்திரிக்கினீனைக் கண்டனர். எட்டிவிதையின் கொல்லும் ஆற்றல் அதனாலாயது. 1820இல் அவ்விருவரே சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினீனைப் பிரித்தெடுத்தனர். காரம் போல நடந்துகொள்ளும் இப்பொருள்களுக்கு அற்கலோயிட்டு என்னும் பெயரை மைசுனர் என்பார் 1819இல் இட்டார். பதினைந்து ஆண்டுக்குள் மருத்துவத்தின் நிலை மாறிற்று. மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இலையின் வீரியம் வேறுபடும். பிரித்தெடுத்த உப்போ எங்கும் ஒரே வீரியமுடையது. அதனை நிறுத்துக் கொடுக்கலாம். நஞ்சை அளவினால் அடக்கும் வழி இது.

யாழ்ப்பாணத்தில் வழங்கிய வழி மற்றொன்று. செகராசசேகரன், பரராசசேகரன் என்பன நல்லூர் மன்னர் மாறிமாறிச் சூடிய அரியணைப் பெயர்கள். அப்பெயர்களையே தாங்கி வந்த வாகடங்கள் நம் பரிகாரிமாரின் கைந்நூல்களாயின. அம்மரபில் நச்சுச்சரக்கு எதனையும் சுத்திசெய்யாது மருந்திற் சேர்த்தலாகாது. இமயச் சாரலிலிருந்து வணிகர் கொணர்ந்த நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைப்பர்; அவிப்பர்; வெயிலில் உலர்த்துவர். எட்டிவிதையின் தோலை நீக்கிப் பாலில் வேகவைப்பர். ஆங்கிலங் கற்ற நம்மவருட் சிலர் இவற்றை வெறுஞ் சடங்கென்று நகைத்ததுண்டு. இரசாயன ஆய்வு வேறு கதை சொல்கின்றது. நாபியின் நஞ்சாகிய அக்கோனிற்றீன் நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது தன் மூலக்கூற்றின் ஒரு பகுதியை இழந்து, நூற்றுக்கணக்கான மடங்கு நச்சுக் குறைந்த பொருளாக மாறுகின்றது. எட்டிவிதையைச் சூடேற்றுங்காலும் இசுத்திரிக்கினீனின் ஒரு பகுதி வீரியம் குன்றிய வடிவங்களை எய்துகின்றது. பரிகாரி நஞ்சை நிறுக்கவில்லை. அதன் இயல்பையே மாற்றினார். மாற்றியதை அறியும் கருவி அவரிடம் இல்லை என்பதே குறை. அவித்தது போதுமா என்பதற்குக் குருவின் கண்ணும் கையுமே சான்று.

இவ்விரு வழிகளும் ஒரே மொழியில், ஒரே ஊரில் நின்ற காலம் ஒன்று உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864 தொடக்கம் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம் முதலியன தமிழில் வெளிவந்தன. கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875இல் வெளியாயிற்று. எட்டியும் ஊமத்தையும் இடம்பெற்ற, வேரிங்கு என்பார் 1868இல் தொகுத்த இந்திய மருந்துநூலும் பெயர்க்கப்பட்டது. வேலியில் நிற்கும் செடியையும் பாரிசில் வடித்த உப்பையும் ஒரே தமிழ் மாணாக்கன் ஒப்புநோக்கக்கூடிய வாய்ப்பு அன்று இருந்தது.

ஆயினும் ஒப்புநோக்கு நிகழவில்லை. கிறீன் நாட்டு வைத்தியத்தைப் பெரிதும் மதித்தவரல்லர். அதனை நீக்கித் தம் மருத்துவத்தை நாட்டுதலே அவர் நோக்கம். பரிகாரிமாரும் ஏடுகளைப் பிறர்க்குத் திறந்து காட்டும் வழக்கமுடையவரல்லர். குற்றத்தை ஒரு பக்கத்தில் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கியது. 1873இல் கிறீன் நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். உத்தியோகம் தேடிய இளைஞர் ஆங்கிலத்தின் பக்கம் சென்றது வியப்பன்று. சுத்திமுறைகளைத் தராசும் குடுவையுங் கொண்டு சோதித்தல் பல தலைமுறை பிந்திற்று.

நிறுத்துக் கொடுக்கும் வழியும் பிழையற்றதன்று. இரும்பு, குயினீன், இசுத்திரிக்கினீன் மூன்றுங் கலந்த ஈசுற்றன் பாகு பிரித்தானிய மருந்துநூல் ஏற்ற வலுவூட்டி. அதன் மாத்திரைகளுக்குச் சருக்கரை பூசியிருந்தமையால், இனிப்பென்று தின்று இறந்த ஆங்கிலக் குழந்தைகள் பலர். இசுத்திரிக்கினீன் இன்று மேலைமருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது.

நாட்டு வழக்கை மேலைநாட்டார் ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு. ஊமத்தையின் புகையை மூச்சுத்தொய்வுக்கு இழுக்கும் முறையைச் சென்னையில் மருத்துவராயிருந்த அண்டர்சன் பரிந்துரைத்தார். செந்து என்னும் படைத்தலைவர் 1802இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். மூச்சுத்தொய்வுக்கு இன்று உள்ளிழுக்கும் இப்பிராத்துரோப்பியம், ஊமத்தைக் குடும்பத்து அத்திரோப்பீனைத் திருத்திச் செய்ததே. அவ்வத்திரோப்பீனுக்கு நம் வைத்தியசாலைகளில் மற்றொரு பணியும் உண்டு. பொலிடோல் போன்ற பூச்சிகொல்லிகளால் மூச்சடைத்து வரும் கமக்காரனை மீட்கும் முதன்மருந்து அதுவே. ஒரு நஞ்சு உடலில் மிகைப்படுத்தியதை மற்றொரு நஞ்சு அடக்குகின்றது.

கார்த்திகைப்பூவின் கதை இன்னும் முடியவில்லை. அதன் கிழங்கைக் கலப்பைக்கிழங்கென்பர். பேறுகாலத்தில் அரைத்து வெளிப்பூச்சாக இடுதல் பழைய வழக்கு. 1915இல் ஆங்கில இரசாயனர் அதிற் கொல்சிசீனைக் கண்டனர். சந்துவாதத்துள் ஒருவகைக்கு அது சிறந்த மருந்து. அளவு சற்று மிஞ்சினும் குடலையும் எலும்புமச்சையையும் அழிப்பது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இத்துணைச் சிறு இடைவெளியுடைய பொருள்கள் சிலவே. பாக்குநீரிணையின் அக்கரையில், வேதாரணியத்திலும் கொங்குநாட்டுத் தாராபுரத்திலும், அதன் விதைக்காகவே இக்கொடியைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். இக்கரையில் அது மாரிகாலத்தில் வேலிகளில் தானே படர்ந்து பூக்கின்றது. உண்ணுங் கிழங்கென மயங்கி அதனை அவித்துண்டு இறந்தோரை இலங்கை மருத்துவர் பதிவுசெய்துள்ளனர். அவித்தல் நாபியை அடக்குவது போலக் கொல்சிசீனை அடக்குவதில்லை. அந்நஞ்சுக்குரிய தனி மாற்றுமருந்து எதுவும் இன்றுவரை வைத்தியசாலைகளின் வழக்கத்துக்கு வந்திலது.