கட்டிலா ஆற்றல்

மேல்நிலை வேதியியலில் ‘கிப்ஸ் கட்டிலா ஆற்றல்’ என்றொரு சொல் வரும். கட்டு இல்லாத ஆற்றல். எதன் கட்டு? தேர்வுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்டால் கணக்கே விளங்கிவிடும்.

1865இல் கிளாசியஸ், கிரேக்கத்தில் ‘திருப்பம்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து ‘என்ட்ரோபி’யை உருவாக்கினார். ‘எனர்ஜி’யோடு ஒலி ஒத்துப்போக வேண்டும் என்று வேண்டுமென்றே செய்தார். கிப்ஸ் 1870களில் கணிதத்தை முடித்துவிட்டார், ஆனால் ‘கட்டிலா ஆற்றல்’ என்ற பெயரைச் சூட்டவில்லை. சூட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1882இல் ஆற்றலை இரண்டாகப் பிரித்தார்: வேலையாக மாற்றக்கூடியது கட்டற்றது, வெப்பமாக மட்டுமே கைமாறக்கூடியது கட்டுண்டது. வெப்பநிலையை என்ட்ரோபியால் பெருக்கினால் வருவது கட்டுண்ட பங்கு. ‘என்தால்பி’ பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லைடனின் காமர்லிங் ஓனஸ் தந்த பெயர்.

சுண்ணாம்புக் காளவாயில் வேகும் கிளிஞ்சலை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு மோல் சிதைந்து சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் ஆக 178 கிலோஜூல் வேண்டும். இது என்தால்பி மாற்றம். என்ட்ரோபி கெல்வினுக்கு 160.5 ஜூல் கூடுகிறது, திண்மத்திலிருந்து வாயு பிறக்கிறதல்லவா. 25 டிகிரி செல்சியஸில், அதாவது 298 கெல்வினில், பெருக்கினால் 48 கிலோஜூல். சுற்றுப்புறத்திலிருந்து வெப்பமாகவே எடுத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான். மீதி 130 கிலோஜூலை வேலையாகத்தான் கொடுக்க வேண்டும்; கொடுப்பாரில்லை. அதனால்தான் கடற்கரையில் கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே கிடக்கிறது.

சூடு ஏற ஏறக் கட்டுண்ட பங்கு பெருகுகிறது. 178ஐ 0.1605ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. அங்கே 178 முழுவதும் வெப்பமாகவே கிடைத்துவிடும். கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழி.

1988இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ‘கட்டிலா’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு ‘கிப்ஸ் ஆற்றல்’ என்று மட்டும் சொல்லலாம் என்று பரிந்துரைத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடைமொழி போனால் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பிரிவினையும் போகிறது, மாணவருக்கு ஒரு கழித்தல் கணக்குத்தான் மிஞ்சுகிறது.

காளவாய்க் கணக்கில் 840 டிகிரி என்று வந்த விடை, ஆய்வகத்தில் அளந்தால் 900 டிகிரியை நெருங்கும், ஏனெனில் என்தால்பியும் என்ட்ரோபியும் வெப்பநிலையோடு சற்று மாறுகின்றன. கரியமில வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை எட்டும் புள்ளி அது. காற்றோட்டமுள்ள காளவாயில் வாயு தங்காமல் வெளியேறிக்கொண்டே இருப்பதால், கிளிஞ்சல் அதற்கு முன்பே வேகத் தொடங்கிவிடும்.