இட்லி மாவு பிசினஸ்: ஆர்டர் கூடியும் கையில் காசு நிற்கலையா? தொடங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு!

வீட்டில் ஒரு கிரைண்டர், பக்கத்துத் தெருவில் பத்து வாடிக்கையாளர்கள். தமிழ்நாட்டில் இட்லி, தோசை மாவு வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. "முதல்ல சின்னதா ஆரம்பிப்போம், வளர்றப்ப பாத்துக்கலாம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். சின்னதாக ஆரம்பிப்பதில் தப்பே இல்லை. அந்த 'பாத்துக்கலாம்'தான் பின்னால் காலை வாருகிறது.

5 மடங்கு வேலை, 2 மடங்கு கூட இல்லாத லாபம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இவை புரிவதற்கான எண்கள்தான், ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு பெண் தினமும் 30 கிலோ மாவு அரைக்கிறார். அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 30 ரூபாய் செலவு. அக்கம்பக்கத்தில் 45 ரூபாய்க்கு கைமேல் காசு. நாளொன்றுக்கு 450 ரூபாய் மிச்சம்.

பிறகு கடைகளில் கேட்கிறார்கள். தினமும் 150 பாக்கெட். கடைக்காரருக்கும் லாபம் வேண்டுமே, அதனால் விலை 38 ரூபாய். புளித்துப்போய் 10 பாக்கெட் திரும்பி வருகிறது. விற்ற 140 பாக்கெட்டுக்கு 5,320 ரூபாய், 150 பாக்கெட் போட்ட செலவு 4,500 ரூபாய். மிச்சம் 820. வேலை ஐந்து மடங்கு ஆகியும் லாபம் இரண்டு மடங்கைக் கூட தொடவில்லை.

இனி ஒருவரே அரைத்து, பேக் செய்து, வண்டியில் கொண்டுபோய் போட முடியாது. தினக்கூலி 600 ரூபாய்க்கு ஓர் ஆளை வைத்தால் கையில் நிற்பது 220 ரூபாய். 30 பாக்கெட் போட்டபோது கிடைத்ததில் பாதிகூட இல்லை!

தப்பு நடந்தது கடைக்குப் போனதில் அல்ல, முதல் நாள் விலை வைத்ததில். தன் உழைப்புக்குச் சம்பளம் எழுதாமல் போட்ட விலை அது. 'நாளைக்கு இந்த வேலைக்கு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும்' என்று அப்போதே சேர்த்திருந்தால், கடைக்கு 40 ரூபாய்க்குக் குறையாமல் பேசியிருக்கலாம். எந்தக் கடையில் எத்தனை பாக்கெட் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்து, 140 பாக்கெட் மட்டும் போட்டு எல்லாம் விற்றால், கூலி போக 800 ரூபாய் நிற்கும்.

லாபம் இருந்தும் முடங்குவது ஏன்?

கடைகள் 15 நாளுக்கு ஒருமுறைதான் பணம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 150 பாக்கெட் கணக்கில் முதல் ரூபாய் வருவதற்குள் சரக்குக்கு 67,500, கூலிக்கு 9,000 என 76,500 ரூபாய் வெளியே போயிருக்கும். ஆர்டர் இரட்டிப்பானால் இதுவும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அரிசிக்கடையில் கடன், வீட்டு நகை அடகு என்று போவது இங்கேதான்.

வங்கியில் பெரிய கிரைண்டருக்கு மட்டும் கடன் கேட்டுவிட்டு, இந்த நடைமுறை மூலதனத்தை மறந்துவிடுகிறார்கள். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்' பிரிவில் அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். தருண் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை 'தருண் பிளஸ்' உண்டு. வீட்டுச் செலவும் வியாபாரமும் ஒரே கணக்கில் ஓடினால் மேனேஜர் எதைப் பார்த்துக் கடன் தருவார்? தனி வங்கிக் கணக்கை முதல் மாதமே தொடங்கிவிடுவது நல்லது.

பாக்கி வசூலிக்க சட்டம் என்ன சொல்கிறது?

உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தெருமுனை அண்ணாச்சி கடை மேல் யாரும் இதற்காகப் புகார் கொடுக்கப் போவதில்லை. சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு சப்ளை செய்யும் நிலை வரும்போது இது உதவும். சப்ளை தொடங்கும் முன்பே பதிவு கையில் இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் வளர்வது?

1970ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கியவர் ஆர்.ஜி.சந்திரமோகன். தலைநகரில் பெரிய கம்பெனிகளோடு முட்டிக்கொண்டிருக்காமல், அவர்கள் கண்டுகொள்ளாத சிறு நகரங்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். அதுதான் பின்னர் ஹட்சன் ஆனது.

மாவு வியாபாரத்திலும் இதே கேள்வி வரும். கூடுதல் கடைகளா, ஹாஸ்டல், கேன்டீன் போன்ற மொத்த ஆர்டரா? மொத்த ஆர்டரில் எவ்வளவு வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும், ரிட்டன் தொல்லை குறைவு. ஆனால் ஒரே கேன்டீனை நம்பியிருந்தால், அது கைமாறும் நாளில் மொத்தமும் போகும்.

எல்லையோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஆனால் கடலூர், விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி கடைக்கு பாக்கெட் மாவு போட்டால் அது வெளிமாநில விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும்.

உணவுப் பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும், பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த தேதியும் முதல் பாக்கெட்டில் இருந்தே தேவை. கவரில் பிராண்ட் பெயரை அச்சடிக்கும் முன், அதே பெயர் ஏற்கனவே பதிவாகியிருக்கிறதா என்று டிரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்.